எஸ்.டி.பி.எம். முடிந்தது: எந்த ஆப் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு

போன வாரம் எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் ஆறாம் படிவ மாணவர்கள் மூன்று தவணையாக எழுதும் தேர்வு) மூன்றாம் தவணை முடிவு வந்ததிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்ஆப் செய்திகளில் பாதி இதே கேள்விதான்: "அக்கா, எந்த ஆப்ல லிஸ்ட் போட்டுப் படிச்சீங்க?" மைக்ரோசாஃப்ட் டு டூ. இலவசம், நமக்கு வேண்டிய அளவு லிஸ்ட் போடலாம், நெட் லைன் இல்லாத இடத்திலும் திறக்கும். ஆனால் அதை இறக்கிவிட்டு வரலாறு, பொருளியல், பெங்காஜியான் ஆம் (பொது அறிவுப் பாடம்) என்று பாடத்துக்கு ஒரு லிஸ்ட் போட்டு உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். என் செட்டிலேயே பலருக்கு அதுதான் நடந்தது.

பாடவாரியாகப் பிரிக்காதீர்கள். இடவாரியாகப் பிரியுங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றது பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பின்பற்றியது ஜி.டி.டி. (கெட்டிங் திங்ஸ் டன்) என்கிற முறை. டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. மண்டையில் ஓடுவதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டு, ஒவ்வொன்றும் என்ன வேலை என்று தெளிவாக்கு, பிரித்து வை, வாரம் ஒருமுறை புரட்டிப் பார், அப்புறம் செய். அவ்வளவுதான். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது என்றாலும், அதில் வேலைகளை 'எங்கே, எதை வைத்துச் செய்ய முடியும்' என்று பிரிக்கும் ஒரு பகுதி உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதிதான் பொன். அம்மா சாமான் பட்டியல் எழுதும்போது பசார், மளிகைக்கடை, மருந்துக்கடை என்று கடைவாரியாகத்தானே எழுதுகிறார்கள்? காய்கறிக்காரர் முன்னால் நின்றுகொண்டு பெனடோல் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

எங்கள் வீடு சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில். கோயில் பக்கம் நடந்து போனால் இரண்டு கோடு லைன் வரும், வீட்டுக்குள் வந்தால் அதுவும் போய்விடும். அப்பா மில்லுக்குப் போகிற வழியில் மோட்டாரில் டவுனில் இறக்கிவிடுவார், அங்கிருந்து ஈப்போவுக்கு பஸ், பள்ளி முடிந்து திரும்பவும் பஸ். ஈப்போவிலேயே தாமானில் (நகரக் குடியிருப்பில்) இருக்கும் பிள்ளைக்கு ஒரு மேசை, ஒரு வைஃபை, ஒரு நேர அட்டவணை போதும். நமக்கு ஒரே நாளில் ஐந்து இடம் மாறுகிறது, ஒவ்வொரு இடத்திலும் செய்ய முடிந்த வேலை வேறு. இதை எந்த அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை, டியூஷன் சென்டர்களில் கொடுக்கும் அழகான கலர் அட்டவணை உட்பட.

டு டூவில் வேலையின் பெயரோடு ஹேஷ்டேக் சேர்க்கலாம். அந்த டேகைத் தட்டினால் அந்த டேக் உள்ள வேலைகள் மட்டும் வந்து நிற்கும். என்னுடையவை:

#பஸ்: ஏற்கெனவே இறக்கி வைத்ததைப் படிப்பது, கேட்பது
#லைன்: தேடுவது, இறக்குவது, அனுப்புவது
#வீடு: கையால் எழுத வேண்டியது
#டீச்சர்: நேரில் கேட்க வேண்டியது
#ஆள்: இன்னொருவர் இல்லாமல் முடியாதது. முவெட் (ஆங்கில மொழித் தேர்வு) பேச்சுத் தேர்வின் குழு உரையாடலை யாரும் தனியாகப் பயிற்சி செய்ய முடியாது

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் #பஸ் தட்டுவேன். நாலைந்து வரிதான் இருக்கும்: 'பொருளியல் தேவை நெகிழ்ச்சி குறிப்பு, 2 பக்கம்', 'முவெட் வாசிப்புப் பகுதி ஒன்று', 'தமிழ்த்தாள் கட்டுரை முன்னுரையை வாய்க்குள் சொல்லிப் பார்'. எதைப் படிக்கலாம் என்று யோசிக்கிற நேரம் மிச்சம். யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு உடனே கை டிக்டாக் பக்கம் போய்விடும். என்னைப் போல மனசு ஒரு இடத்தில் நிற்காதவர்களுக்கு இந்த முறை உதவலாம்.

அடுத்தது, வேலையை எழுதும் விதம். 'பெங்காஜியான் ஆம் கெர்ஜா குர்சுஸ்' (அந்தப் பாடத்துக்குச் செய்து ஒப்படைக்கும் ஆய்வுப் பணி) என்று எழுதி வைத்தால் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும், வேலை நகராது. அது பல மாத வேலை. அதில் அடுத்து கை வைக்க வேண்டியது எது? 'வினாநிரலில் பகுதி ஆ கேள்விகளை டீச்சரிடம் காட்டித் திருத்தம் கேட்கணும் #டீச்சர்'. இப்படி எழுதினால் டீச்சரை வராந்தாவில் பார்த்த அடுத்த நிமிடம் வேலை முடிந்தது. ஒருநாள் அப்படி டேகைத் திறந்து கைப்பேசியை நீட்டியபோது டீச்சர், "இதை எல்லாரும் செஞ்சா எனக்குப் பாதி வேலை மிச்சம்மா" என்றார். ஒவ்வொரு வரியிலும் ஒரு வினைச்சொல் இருக்கணும். கேட்கணும், எழுதணும், அனுப்பணும். வினை இல்லாத வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சரி, ஆப்கள்.

டுடூயிஸ்ட்: 2007இலிருந்து இருக்கிறது. தேதியை எழுத்தாகவே அடித்தால் புரிந்துகொள்ளும், லேபிள் உண்டு, ஜி.டி.டி. செய்கிறவர்களில் நிறைய பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இலவசக் கணக்கில் 5 புரொஜெக்ட்தான், ஆனால் இடவாரியாக லேபிள் போடுகிறவர்களுக்கு அது போதும். இன்னொரு நல்ல விஷயம்: 'எவ்ரி 10 டேஸ்' என்று அடித்தால் தேதி குறித்தபடி வரும், எவ்ரிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் நீங்கள் முடித்த நாளிலிருந்து 10 நாள் எண்ணும். பழைய ஆண்டுத் தேர்வுத்தாள் பயிற்சிக்கு அந்த இரண்டாவதுதான் சரி.

கூகுள் டாஸ்க்ஸ்: தேதி போட்டால் காலண்டரில் தெரியும். டேக் கிடையாது. இடத்துக்கு ஒரு லிஸ்ட் என்று வைத்துச் சமாளிக்கலாம்.

டிக்டிக்: பொமொடோரோ கடிகாரம் (கொஞ்ச நேரம் படிப்பு, சின்ன இடைவேளை என்று எண்ணுவது), பழக்கக் கணக்கு எல்லாம் உள்ளேயே இருக்கும். எனக்கு அவ்வளவும் கண்ணில் படுவது பிடிக்கவில்லை.

திங்ஸ்: ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும், காசு. விடுங்கள்.

நோஷன்: அதை அலங்கரிப்பதிலேயே தவணை முடிந்துவிடும். கெஞ்சிக் கேட்கிறேன், தேர்வு முடிந்தபின் தொடங்குங்கள்.

டு டூவை நான் விடாததற்கு இன்னொரு காரணம் அதன் 'மை டே' பக்கம். நள்ளிரவில் அது தானாகக் காலியாகிவிடும். முடிக்காத வேலை எங்கும் போகாது, அதனதன் லிஸ்டில் இருக்கும், காலையில் பரிந்துரையாக எட்டிப் பார்க்கும். நேற்றைய மிச்சம் சிவப்பில் நின்று மிரட்டாது. ஒவ்வொரு காலையும் பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்றைக்கு இது, இது, இது என்று மூன்று மட்டும் சேர்ப்பேன். மூன்றாம் தவணையில் புதுத் தாள்களோடு ஒன்று, இரண்டாம் தவணைத் தாள்களின் உலாங்கானும் (மறுதேர்வும்) தலையில் இருந்தபோது, அந்த மூன்று வரிதான் என்னை நிறுத்தி வைத்தது.

ஆப் மேல் ஒரேயடியாகப் பாசம் வைக்காதீர்கள். டு டூவுக்கு முன்னால் வுண்டர்லிஸ்ட் என்று ஒன்று இருந்தது, மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி 2020 மே 6ஆம் தேதி மூடிவிட்டது. லிஸ்டை வேறு இடத்துக்கு மாற்ற அரை மணிக்கு மேல் ஆகாத அளவுக்குச் சின்னதாக வையுங்கள்.

இரண்டு நிமிட விதியை நிறைய பேர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை உடனே செய் என்பது, கொட்டி வைத்ததைப் பிரிக்கிற நேரத்துக்கான விதி. கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது குரூப் செய்திக்குப் பதில் போடச் சொல்லவில்லை. படிக்கும்போது எது ஞாபகம் வந்தாலும் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

வாரப் புரட்டல்: ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பின், அரை மணி நேரம். செத்துப்போன வரிகளை அழியுங்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தது ஒரு அடுத்த வேலை இருக்கிறதா பாருங்கள். பாடத்தை அங்கே மட்டும் நினைத்தால் போதும். இதை விட்டால் மொத்த முறையும் இரண்டு வாரத்தில் படுத்துவிடும்.

கைப்பேசியைத் தம்பியோடு பங்கு போடுகிறவர்கள், டேட்டா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்கு ஓர் இடம்: பஸ், லைன், வீடு, டீச்சர், ஆள். கடைசிப் பக்கம் மனதில் வந்ததைக் கொட்ட. சட்டைப் பையில் அடங்கும், சார்ஜ் தீராது. என் தோழி ஒருத்தி மூன்று தவணையும் இதில்தான் ஓட்டினாள், முடிவு என்னுடையதைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

தேர்வு வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். #வீடு மட்டும் திறந்திருக்கட்டும். உலாங்கான் பதிவுக்குக் கடைசி நாள் அறிவித்ததும், எந்தத் தாள் என்று முடிவாகாவிட்டாலும், அந்தத் தேதியை #டீச்சர் போட்டு எழுதிவிடுங்கள், பள்ளியில் யாரும் இரண்டாம் முறை ஞாபகப்படுத்த மாட்டார்கள்.