துருவே பூச்சாக: 1960-களின் ஷ்வின் டைஃபூன் க்ரூஸர் வேலைக் குறிப்பு

எடுத்துக்கொண்ட வண்டி 1960-களின் ஷ்வின் டைஃபூன், க்ரூஸர் என்னும் அகன்ற டயர்ச் சைக்கிள் வகை, அமெரிக்காவின் சிகாகோவில் செய்தது. 26 அங்குலச் சக்கரம், ஒற்றை கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். ஃப்ரேமின் மேல்பாதியில் ஒரிஜினல் சிவப்பு ஓரளவு நிற்கிறது, அது போன இடத்தில் துரு. கீழ்ப்பாதியில் யாரோ பிரஷ்ஷால் அடித்த பச்சை எனாமல், அதன் அடியில் அங்கங்கே துரு. மட்கார்டு, செயின்கார்டு இரண்டும் முழுசாக இருக்கின்றன. இப்படிப்பட்ட வண்டியைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்தால் அது இன்னொரு சிவப்பு சைக்கிள், அவ்வளவுதான். அறுபது வருஷ வெயிலும் மழையும் போட்ட நிறத்தை எந்த டப்பாவிலும் வாங்க முடியாது. அதை வைத்துக்கொண்டே வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் இங்கே வேலை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். கட்டடங்களுக்கும் சிற்பங்களுக்கும் பயன்படும் கார்ட்டென் எஃகில் செம்பு, குரோமியம் போன்றவை கலந்திருப்பதால் அதன் துரு இறுகி, உள்ளே இருக்கும் எஃகைக் காக்கும். சைக்கிள் ஃப்ரேம் சாதாரணக் குறைகார்பன் எஃகு. இதன் துருவில் நுண்துளைகள் உண்டு. ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், துரு தானாக நிற்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மட்டும் துரு இருக்கலாம், அதுவும் அடைத்து நிறுத்திய துருவாக. மரை, பால்ரஸ் ஓடும் கப், குழாயின் உள்பக்கம், ஸ்போக், ஆக்சில் இவற்றில் ஒரு பொட்டுத் துருவும் கூடாது.

முதலில் ஃப்ரேம் தேறுமா என்று பார்ப்பது

சீட் போஸ்ட் இடுக்கு வழியாக இறங்கும் மழைநீர், பெடல் ஆக்சில் ஓடும் அடிக்கூடான பாட்டம் பிராக்கெட்டில்தான் தேங்கும். அந்த இடத்தின் அடிப்பக்கத்தையும், பின்சக்கரம் வரை போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டே அதோடு சேரும் இடத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் கூரான ஊசியை அழுத்தினால், உள்ளே இறங்கும் இடம் வெல்டிங்குக்குப் போக வேண்டிய இடம். மேலே எவ்வளவு அழகான துரு இருந்தாலும் அதை மூடிவிட்டு ஓட்டக் கூடாது.

அடுத்தது வளைவு. ஒரு பக்கப் பின் டிராப்அவுட்டில் (சக்கர ஆக்சில் உட்காரும் பிளவு) நூலைக் கட்டி, ஹேண்டிலுக்குக் கீழே உள்ள ஹெட் ட்யூபைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கினால், சீட்டைத் தாங்கும் சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பக்கம் மோதிய வண்டி என்றால் ஹெட் ட்யூபுக்குச் சற்றுக் கீழே, அங்கிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் டவுன் ட்யூபின் அடிப்புறத்தில் மெல்லிய மடிப்பு தெரியும். விரலால் தடவினால் கண்ணைவிடச் சீக்கிரம் அகப்படும். இந்த வண்டியில் இரண்டும் சரி.

பிரிப்பது

இந்த வகை க்ரூஸரில் பெடல் பூட்டும் இரண்டு க்ராங்க் கையும் ஆக்சிலும் சேர்ந்து ஒரே எஃகுத் துண்டு. ஆஷ்டபுலா க்ராங்க் என்பார்கள். இதில் ஆள் தடுமாறுவது மரையின் திசையில். இடது பெடல், இடப்பக்க லாக் நட், அதற்கு உள்ளே பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கோன் மூன்றும் இடது மரை. கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் நட் மூலை மழுங்கும். முதலில் இடது பெடல், பிறகு லாக் நட், நாக்கு வைத்த வாஷர், கோன், பால்ரஸ் கூடு. அதன்பின் மொத்தக் க்ராங்கையும் சாய்த்து வலப்பக்கமாக உருவிவிடலாம். திரும்பப் பூட்டும்போது கூட்டின் பால்ரஸ் பக்கம் கப்பைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் க்ராங்க் சுற்றும், ஆனால் கரகரவென்று கூடு தேயும். பெடல் மரை 1/2 அங்குலம், 20 டிபிஐ (அங்குலத்துக்கு 20 மரை). மலை சைக்கிளின் 9/16 பெடல் இதில் ஏறாது.

ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு பிணைக்கும் ஸ்டெம்மிலும் இதே அளவுச் சிக்கல். ஷ்வின் ஃபோர்க்கின் உள்ளளவுக்கு 21.15 மிமீ ஸ்டெம் வேண்டும், கடையில் பொதுவாகக் கிடைப்பது 22.2. அதைத் தேய்த்து உள்ளே அடிப்பவர்கள் உண்டு. ஃபோர்க் குழாய் விரிந்துபோகும். பழைய பிஎம்எக்ஸ் ஸ்டெம் 21.1 அளவில் கிடைக்கும், அது பொருந்தும். ஃபோர்க் திரும்பும் பால்ரஸ் உட்காரும் ஹெட்செட் கப்பை எடுக்காமல் விடுவது நல்லது. ஷ்வின்னின் கப் அளவு பொது அளவோடு ஒத்துப்போகாது, தளர்ந்துவிட்டால் மாற்று தேடி அலைய வேண்டும்.

டயர்தான் அதிகப் பணம் வீணாகும் இடம். டைஃபூனில் வருவது ஷ்வின் எஸ்-7 ரிம், 26 × 1¾. கடையில் தொங்கும் 26 × 1.75 டயர் அதே அளவுபோலத் தோன்றும். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் முதலாவதில் 571 மிமீ, இரண்டாவதில் 559. பன்னிரண்டு மிமீ வித்தியாசத்தை எந்த டயர் லீவரும் சமாளிக்காது. டயரின் பக்கச் சுவரில் 571 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்க வேண்டும். துரு நிறத்துக்குக் க்ரீம் நிற டயர் மிக நன்றாகப் பொருந்தும்; செங்கல் சிவப்பு டயர் போட்டால் துருவும் டயரும் ஒன்றோடொன்று கலந்து வண்டி மங்கிவிடும்.

எதை விடுவது, எதை எடுப்பது

இந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல்தான். எனவே உலர்வாக உப்புத்தாள் போடவே கூடாது. பச்சை எனாமலைப் பெயின்ட் ரிமூவர் ஜெல் தடவி, மென்மையானதும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுக்க வேண்டும். ஒரிஜினல் சிவப்பைத் தொடும் ஓரங்களில் ஜெல்லுக்குப் பதில் 600 எண் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். ஷ்வின்னின் சிவப்பில் ஒரு வகை, வெள்ளி அடிப்பூச்சின் மேல் அடித்த ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு. ரப்பிங் காம்பவுண்டை அழுத்தித் தேய்த்தால் சிவப்பு போய் வெள்ளி எட்டிப்பார்க்கும், திரும்ப ஒட்டுப்போட முடியாது. செயின்கார்டு எழுத்தின் பக்கம் கரைப்பான் எதுவும் போகக் கூடாது. ஈரத் துணி போதும்.

குரோம் பாகங்களுக்கும் மட்கார்டு ஸ்டேக்களுக்கும் ஆக்ஸாலிக் அமிலக் குளியல். லிட்டருக்கு 30 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர், கையுறை கட்டாயம். இது விஷம், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. சில மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் ஊறினால் மஞ்சள் படலம் படியும், அதைத் தேய்த்து எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம். அலுமினியமும் துத்தநாகப் பூச்சும் இந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது. குளியலுக்குப் பின் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசல். ஹேண்டில்பாரில் எஞ்சும் புள்ளிகளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. ஹேண்டில்பார் பளிச்சென்று இருப்பது முக்கியம். எல்லாமே துருவாக இருந்தால் வண்டி குப்பையிலிருந்து எடுத்ததாகத்தான் தோன்றும்; ஒரு குரோம் பளபளப்பு இருந்தால்தான் துரு வேண்டுமென்றே வைத்தது என்று புரியும்.

துரு ஏற்றுவது

பச்சை எடுத்த இடத்தில் வெற்று எஃகு சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அதை மேல்பாதியின் பழைய துருவோடு சேர்க்க வேண்டும். கலவை: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 475 மிலி, வெள்ளை வினிகர் 60 மிலி, உப்பு ஒன்றரை டீஸ்பூன். இந்திய மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 வால்யூம், சுமார் 6%. சம அளவு தண்ணீர் சேர்த்தால் இந்த அளவுக்கு வந்துவிடும்.

கலவையை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். மிச்சத்தை மூடிய பாட்டிலில் வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கும்; வினிகரும் பெராக்சைடும் சேர்ந்து நாளாவட்டத்தில் கண்ணையும் மூக்கையும் அரிக்கும் பெராசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்கும். திறந்த வெளி, கண்ணாடி, கையுறை. வினிகர் இருக்கும் இடத்தில் பிளீச் கூடவே கூடாது, குளோரின் வாயு வரும்.

தெளிக்கும் முன் ஹெட் ட்யூப், சீட் ட்யூப், பாட்டம் பிராக்கெட், டிராப்அவுட் எல்லாவற்றையும் துணி அடைத்து டேப் ஒட்டி மூட வேண்டும். ஃபோர்க் மரைக்குக் கிரீஸ் தடவி மேலே டேப். எஃகை அசிட்டோனால் துடைத்து எண்ணெய்ப் பசை எடுக்க வேண்டும். கைரேகை பட்ட இடத்தில் துரு ஏறாமல் விரல் வடிவம் அப்படியே நிற்கும். பிறகு வெயிலில் சூடாக்கி, முதலில் வெறும் வினிகர் தெளித்துக் காயவிட்டு, அதன்மேல் கலவை.

நிமிடங்களில் ஆரஞ்சு வந்துவிடும். அங்கேயே நிறுத்துவதுதான் பலர் செய்வது. அது வெறும் தூள், சட்டையில் ஒட்டும், பார்ப்பதற்கும் பொம்மைத் துரு. காய்ந்ததும் இரும்பு நாரால் மெல்லத் தேய்த்து உதிர்வதை எடுத்துவிட்டு மறுபடி தெளிக்க வேண்டும். தெளி, காய விடு, தேய். இந்தச் சுற்று நாலைந்து முறை போனால்தான் துரு இறுகிப் பழுப்புக்கு வரும். தாரையாக ஊற்றினால் சொட்டு வழிந்த கோடு விழும். நுண்ணிய தூறலாக, ஃப்ரேமைத் திருப்பித் திருப்பித் தெளிக்க வேண்டும். இன்னும் கருமை தேவைப்படும் மூலைகளில், குறிப்பாக மட்கார்டு ஸ்டே சேரும் இடத்தில், பால் விடாத திக்கான தேநீரைப் பிரஷ்ஷால் தடவலாம். தேயிலையின் டானின் துருவோடு சேர்ந்து கருநீலமாகும்.

எங்கே துரு வேண்டும் என்பதைப் பயன்பாடு சொல்லும். க்ராங்க் பக்கம் குதிகால் உரசும் செயின்ஸ்டே, சுவரில் சாய்த்து வைத்த பக்கத்து டாப் ட்யூப், சேறு அடிக்கும் டவுன் ட்யூப் அடிப்பக்கம். செயின்கார்டு மறைத்த இடத்தில் பெயின்ட் நன்றாக இருக்க வேண்டும். முன்னால் ஒட்டிய கம்பெனிச் சின்னமான ஹெட் பேட்ஜுக்கு அடியில் துருவும் பக்கத்தில் புதுப் பெயின்ட்டும் இருந்தால் பார்த்தவுடன் போலி என்று தெரிந்துவிடும்.

நிறுத்துவது

மொத்த வேலையும் கெடுவது இந்தக் கட்டத்தில். கலவையின் உப்பு துருவின் துளைகளில் தங்கியிருக்கும். அதன்மேல் பூச்சு போட்டால் சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும், பூச்சு அப்பளமாகப் பொரிந்து வரும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, பிறகு சூடான வெற்றுத் தண்ணீரில் பலமுறை அலசி, ஹீட் கன்னால் இணைப்புகள் வரை உலர்த்த வேண்டும். உடனே மூடிவிடாமல் இரண்டு நாள் நிழலில் வைத்தால் விடை தெரியும். புதிதாகப் பளிச்சென்ற ஆரஞ்சுப் புள்ளிகள் முளைத்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி அலச வேண்டும்.

மூடுவதற்கு இரண்டு பொருள் உண்டு. டூ-கே மேட் கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) நன்றாக உழைக்கும், ஆனால் அதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, சரியான சுவாசக் கவசம் இல்லாமல் அடிக்கவே கூடாது. ஒரு கல் பட்டு உடைந்தால் ஈரம் அடியில் புகுந்து பரவும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். இந்த வண்டிக்குத் தேர்ந்தது பாயில்டு ஆளிவிதை எண்ணெய். சம அளவு டர்பன்டைன் கலந்து துணியால் தடவி, கால் மணி நேரத்தில் எஞ்சியதை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி; மொத்தம் மூன்று கை. துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது, தூசி ஒட்டும். ஆரஞ்சு நிறம் எண்ணெயில் நனைந்ததும் ஆழ்ந்த பழுப்பாக இறங்கும், சிவப்புப் பெயின்ட்டும் கூடவே உயிர் பெறும். பாயில்டு அல்லாத வெறும் ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், காய வெகுநாள் ஆகும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். காயும்போது எண்ணெய் வெப்பம் விடும், சுருளுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

அதே எண்ணெயைச் சீட் ட்யூப் வழியாக ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடித்தால் குழாயின் உள்பக்கமும் மூடிவிடும்.

பூட்டுவது

பின்சக்கர மையமான கோஸ்டர் ஹப்பின் பிரேக் ஷூ எஃகோடு உராய்வது. அங்கே கிரீஸ் இருந்தே ஆக வேண்டும், அதுவும் அதிக வெப்பம் தாங்கும் வகை. பிரேக் என்பதால் கழுவி உலர்வாகப் பூட்டுகிறவர்கள் உண்டு. ஷூ கடித்துப் பிடித்துச் சக்கரம் திடீரென நிற்கும். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய க்ரூஸர்களை மலைச்சரிவில் இறக்கி நடத்திய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததே, ஒவ்வோர் இறக்கத்துக்கும் பிறகு ஹப்பில் எரிந்துபோன கிரீஸை மாற்றி அடைக்க வேண்டியிருந்ததால்தான். ஹப்பிலிருந்து நீளும் பிரேக் கையைச் செயின்ஸ்டேயோடு பட்டி போட்டு இறுக்குவதை மறக்கவே கூடாது. அது கழன்றால் பிரேக் இல்லை, கை சுழன்று ஸ்போக்கையும் அறுக்கும்.

செயின் 1/2 × 1/8. முன்னால் 46 பல், பின்னால் 18. சமதரைக்குச் சரி, ஏற்றம் உள்ள ஊரில் பின்னால் 20 பல் போடலாம். செயினிலும் ஸ்போக்கிலும் துரு வேலை கிடையாது, இரண்டும் புதிது.

போல்ட்டுகள் மட்டும் புது வெள்ளியாகத் துருத்திக்கொண்டு தெரியும். மட்கார்டு போல்ட்டுகளை வினிகரில் ஊறவைத்துத் துத்தநாகப் பூச்சைக் கரைத்து, துரு ஏற்றி, எண்ணெய் தடவினால் ஃப்ரேமோடு சேர்ந்துவிடும். ஸ்டெம் போல்ட்டுக்கும் ஆக்சில் நட்டுக்கும் இதைச் செய்யக் கூடாது. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் புகுந்தால் கடின எஃகு நொறுங்கும் தன்மை பெறும். சீட் ஸ்ப்ரிங்குக்கும் அதே விதி.

மழையில் ஓடினால் அன்றே துடைத்து, பாட்டம் பிராக்கெட்டில் தண்ணீர் தேங்காமல் வடியும்படி சாய்த்து வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மெல்லிய எண்ணெய்க் கை ஒன்று. துணியில் ஆரஞ்சுத் தூள் ஒட்டினால் அந்த இடத்தில் பூச்சு விட்டுவிட்டது என்று பொருள். இரும்பு நாரால் தேய்த்து அங்கே மட்டும் தடவினால் போதும்.