காய விடுங்க: ஓவிய வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 1, சனி

இருபத்துநான்கு டியூப் உள்ள வாட்டர்கலர் பெட்டி, பன்னிரண்டு பிரஷ் கொண்ட கட்டு, வண்ணம் கலக்க ஒரு பேலட். எல்லாவற்றையும் பையில் சுமந்துகொண்டு போனேன். டீச்சர் எதையும் திறக்க விடவில்லை. ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, வரிசையாக ஐந்து கட்டம் போடச் சொன்னார். முதல் கட்டம் வெறும் தாள். கடைசிக் கட்டம் பென்சிலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கறுப்பு. நடுவில் உள்ள மூன்றும் படிப்படியாகக் கருத்துக்கொண்டு போக வேண்டும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பிடித்தது. என்னுடைய மூன்றாவது கட்டமும் நான்காவதும் இரட்டைப் பிள்ளைகள். "கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார் டீச்சர். அப்படிப் பார்த்தால் சில்லறை விவரமெல்லாம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். பாதி மூடினேன். ஐந்து கட்டம் நான்காகிவிட்டது.

வகுப்பில் ஏழு பேர். டீச்சர்தான் எங்கள் எல்லோரையும் விட வயதில் சின்னவர். எனக்குப் பக்கத்தில் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "தம்பி, நான் கலர் அடிக்கத்தான் பணம் கட்டினேன்" என்று முணுமுணுத்தார். நானும்தான் ஐயா.

ஜூன் 4, செவ்வாய்

பொறுக்க முடியவில்லை, வீட்டில் பெட்டியைத் திறந்துவிட்டேன். பிரிண்டருக்கு வைத்திருந்த தாளில் ஒரு வானம். தண்ணீர் பட்டதும் தாள் மேடும் பள்ளமுமாக எழும்பியது. நீலமெல்லாம் பள்ளத்தில் போய்த் தேங்கியது. சரி, பரப்பிவிடலாம் என்று பிரஷ்ஷால் நாலு தடவை தேய்த்தேன். தாள் திரிதிரியாக உரிந்து வந்தது. வானத்தில் அழுக்கை உருட்டி வைத்த மாதிரி இருந்தது.

எனக்குக் கை வராது என்று முடிவு கட்டிவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 8, சனி

குற்றவாளி நான் இல்லையாம், தாளாம். பாதி நிம்மதி.

டீச்சர் இரண்டு தாள்களைக் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பிரிண்டர் தாள் சலசலத்தது. வாட்டர்கலர் தாள் அட்டை மாதிரி 'டப்'பென்றது. முதலாவது சதுர மீட்டருக்குச் சுமார் 80 கிராம், இரண்டாவது 300 கிராம். எடை மட்டும் விஷயமில்லை. வாட்டர்கலர் தாளுக்கு ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடாமல் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்தி வைப்பது அந்தப் பசைதான். முழுக்கப் பருத்தியில் செய்த தாள் இன்னும் நன்றாகத் தாங்கும். மரக்கூழ்த் தாள் பழகுவதற்குப் போதும். வழவழப்பானது ஹாட் பிரஸ், லேசான சொரசொரப்பு கோல்ட் பிரஸ், நல்ல கரடுமுரடு ரஃப். எங்களுக்கு நடுவில் உள்ளது.

"செலவைக் குறைக்கணும்னா பிரஷ்ல குறைங்க, கலர் எண்ணிக்கையில குறைங்க. தாள்ல மட்டும் கை வைக்காதீங்க." நான் செய்தது அப்படியே தலைகீழ்.

என் பன்னிரண்டு பிரஷ்ஷில் தேறியது ஒன்றே ஒன்று: எட்டாம் எண், உருண்டை, செயற்கை முடி. தேர்வும் எளிமைதான். தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதற வேண்டும். நுனி தானாகக் கூராகச் சேர வேண்டும். மற்ற பதினொன்றும் உதறிய பிறகும் துடைப்பம் மாதிரியே நின்றன.

ஜூன் 15, சனி

கடைசியில் வண்ணம்! அதுவும் ஒரே வண்ணம். தாளின் நாலு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்கி, பலகையின் தலைப்பக்கத்துக்கு ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுத்தோம். பிரஷ் நிறைய நீலத்தை எடுத்து மேலே குறுக்காக ஒரு கோடு இழுத்தால், கோட்டின் அடிவிளிம்பில் தண்ணீர் ஒரு மணி மாதிரி திரண்டு தொங்கும். அடுத்த கோடு அந்த மணியைத் தொட்டபடி போக வேண்டும். மணி அங்கிருந்து இறங்கிப் புதுக் கோட்டின் அடியில் வந்து உட்காரும். இப்படியே கீழ்வரை அதை ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் பிழிந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கோடுகளின் தடமே தெரியாது. இதற்குப் பெயர் வாஷ்.

என் மணி கீழே வந்து சேர்ந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அழகாக வந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு இடம் கொஞ்சம் வெளிறின மாதிரி. ஒரு தொடு, ஒரே ஒரு தொடு.

ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் பூ பூத்துவிட்டது. ஓரம் கிழிந்த மாதிரி நெளிநெளியான கருங்கரை, உள்ளே வெளுப்பு. பாதி காய்ந்த பரப்பில் அதைவிட ஈரமான பிரஷ்ஷை வைத்தால், புதுத் தண்ணீர் அங்கிருக்கும் வண்ணத்துகளைத் தள்ளிக்கொண்டு போய் எல்லையில் குவித்துவிடும். டீச்சர் எட்டிப் பார்த்து இரண்டே வார்த்தை சொன்னார்: "காய விடுங்க."

ஜூன் 19, புதன்

'காய விடுங்க' சரி, எவ்வளவு நேரம்? உதவாத தாள்களின் பின்பக்கத்தில் ஆறு சதுரம் வாஷ் போட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கடிகாரம் உதவவில்லை. மின்விசிறி ஓடினால் ஒரு கணக்கு, ஓடாவிட்டால் வேறு கணக்கு. உதவியது பளபளப்பு. தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்க்க வேண்டும். குளம் மாதிரி மின்னும்போது என்ன விட்டாலும் கலந்துவிடுகிறது. மினுக்கம் போய்ப் பட்டுத்துணி மாதிரி மங்கலான ஒளி நிற்கிறதே, அதுதான் ஆபத்தான நேரம். என் பூக்கள் எல்லாம் அப்போது பூத்தவை. பார்வைக்குக் காய்ந்தாற்போல இருந்தாலும் புறங்கையை லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சில்லிப்பு போனால்தான் அடுத்த பூச்சு.

ஆறு சதுரத்தில் நாலு பாழ். இந்த நாட்குறிப்பில் உருப்படியான பக்கம் இதுதான் என்று தோன்றுகிறது.

ஜூன் 22, சனி

வகுப்புக்குப் போகவில்லை. அலுவலக வேலை.

ஜூன் 29, சனி

பச்சை பற்றி. என் பெட்டியில் நாலு பச்சை டியூப் இருக்கின்றன. நாலையும் மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஆறே வண்ணங்களை எடுக்கச் சொன்னார் டீச்சர்: மஞ்சளில் இரண்டு, சிவப்பில் இரண்டு, நீலத்தில் இரண்டு. எதற்கு இரண்டிரண்டு? கலந்து பார்த்தால்தான் விளங்கியது. அல்ட்ராமரைன் நீலத்தில் சிவப்புச் சாயல் ஒளிந்திருக்கிறது. அதை மஞ்சளோடு சேர்த்தால் காய்ந்த பாசி மாதிரி ஒரு மட்டுப்பட்ட பச்சை. தாலோ நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது; அதே மஞ்சளோடு சேர்ந்ததும் பளிச்சென்று கண்ணில் அடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த 'நீலமும் மஞ்சளும் பச்சை' பொய் இல்லை, பாதிக் கதை.

டியூப்பின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். 'பிபி29' என்றால் அல்ட்ராமரைன், 'பிபி15' என்றால் தாலோ. முன்னால் என்ன கவர்ச்சியான பெயர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், உள்ளே இருப்பது இந்த எண். என் பெட்டியின் ஊதா டியூப்பில் மூன்று எண்கள். ஏற்கெனவே மூன்று கலந்ததோடு நான் இன்னும் இரண்டைக் கலந்தால் சேறாகாமல் என்ன ஆகும்?

அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லசுலி என்கிற நீலக் கல்லை அரைத்து எடுத்தது. கிட்டத்தட்ட தங்கத்துக்கு நிகராக மதித்திருக்கிறார்கள். செயற்கையாகச் செய்து காட்டுபவருக்குப் பரிசு என்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். 1828-இல் கிமே என்பவர் அதை வாங்கினார். நான் அதை அலட்சியமாகக் குழாயடியில் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

கறுப்பு டியூப்பை ஓரங்கட்டியாகிவிட்டது. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்மண் பழுப்பும் சேர்ந்தால் சாம்பல் வருகிறது. நீலம் கூடினால் மழை மேகம், பழுப்பு கூடினால் பழைய மரம். இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டலாம். நேற்று இரவு பதினொன்றரை வரை சாம்பலாகவே கலந்துகொண்டிருந்தேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 6, சனி

வெள்ளைக் கோப்பையை வெள்ளையே இல்லாமல் வரைவது. வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள். விட்டுவைத்தால் உண்டு, பூசிவிட்டால் போனது போனதுதான். கோப்பையைத் தொடாமல் சுற்றியிருக்கும் நிழலை மட்டும் போட வேண்டும்.

நான் நிழலுக்கு நடுநிலையான சாம்பல் கலந்து வைத்திருந்தேன். மேசையில் ஆரஞ்சுத் துணி விரித்திருந்தது. அந்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில் என் சாம்பல் நீலமாகத் தெரிந்தது! பேலட்டில் பார்த்தால் சாம்பல், தாளில் பார்த்தால் நீலம். இதே குழப்பம் பாரிஸின் கோபலான் திரைச்சீலை ஆலையில் நடந்திருக்கிறது. கறுப்புச் சாயம் சரியில்லை, சோகையாக இருக்கிறது என்று புகார். சாயப் பிரிவுத் தலைவராக இருந்த செவ்ரோல் என்கிற வேதியியலாளர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் நிறத்தைக் கெடுத்துக் காட்டியிருக்கின்றன. 1839-இல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதிவிட்டார். நான் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியவர் கோப்பையை விட்டுவிட்டுத் துணியின் மடிப்புகளை மட்டும் போட்டிருந்தார். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. வயிற்றெரிச்சல் என்று எழுதினால் தப்பில்லையே, என் நாட்குறிப்பு.

ஜூலை 13, சனி

இன்று மட்டும் அக்ரிலிக். வாட்டர்கலருக்கு நேர் எதிர் குணம். அது காய்ந்தால் வெளிறும். இது காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும். ஈரத்தில் பால் மாதிரி வெளுப்பாக இருக்கும் பசை, தண்ணீர் போனதும் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடுவதால் வரும் மாற்றம். தப்பை மூடி மேலே பூசலாம் என்பதால் எனக்கு ஏகக் கொண்டாட்டம். கொண்டாட்டத்தில் பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்துவிட்டேன். இரவு எடுத்துப் பார்த்தால் முடியெல்லாம் சேர்ந்து ஒரு குச்சி. காய்ந்த அக்ரிலிக் பிளாஸ்டிக், தண்ணீருக்கு மசியாது.

தேறியிருந்த அந்த ஒரே ஒரு எட்டாம் எண்.

ஜூலை 20, சனி

புது பிரஷ். ஒரு நாற்காலியின் படத்தைத் தலைகீழாக வைத்து வரைந்தோம். நாற்காலி என்று தெரியாதபோது கண் வெறும் கோடுகளையும் இடைவெளிகளையும் பின்பற்றுகிறது. நேராக வைத்து வரைந்ததைவிட நன்றாகவே வந்தது. பெரியவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. "தலைகீழா நின்னாத்தான் நமக்கு வரும் போல தம்பி" என்றார்.

ஜூலை 31, புதன்

பதினோரு நாளாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. 27-ஆம் தேதி வகுப்பும் போயிற்று. காரணம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

பச்சைக் கண்ணாடி பாட்டில், ஜன்னலோரம். முதலில் பென்சில், அப்புறம் வெளிறின பச்சை ஒரு வாஷ். வெளிச்சம் தெறிக்கிற மூன்று இடங்களைத் தாளாகவே விட்டேன். பளபளப்பு மங்க ஆரம்பித்தது. வலப்பக்கம் ஒரு இடம் ஒட்டுக்கட்டின மாதிரி இருந்தது. கை தானாகப் போனது. பிரஷ்ஷை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். பெரியவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்கும் காயலையா?" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லிப்பு இல்லை. ஒட்டுக்கட்டின இடம் அப்படியேதான் இருந்தது. ஆனால் காய்ந்த பிறகு பாட்டிலின் வளைவு மாதிரித் தெரிந்தது. இரண்டாம் பூச்சு, நிழல், முடிந்தது. டீச்சர் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். பாட்டிலின் வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதாம். சாய்ந்துதான் இருக்கிறது, இப்போது எனக்கும் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அடுத்த வாரம் முழுக்க நீள்வட்டம். மறுபடி பென்சில்.