அம்மாவின் ஐந்தாவது பாற்செம்பு

இந்த வைகாசிப் பொங்கலுக்கு எப்படியும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்விட வேண்டுமென்று மாசியிலேயே முடிவெடுத்துவிட்டேன். அம்மா விட்டுவிட்டுப் போன கடன் அது. காசுக் கடனென்றால் ஆரிடமாவது மாறிக் கொடுக்கலாம். அம்மாளாச்சிக்கு நேர்ந்ததை எத்தனை வருசத்துக்கு இழுக்கிறது?

2009 சித்திரையில், முள்ளிவாய்க்கால் பங்கர் வாசலில் நின்று நந்திக்கடல் பக்கம் கையெடுத்து அம்மா நேர்ந்தவ. "என்ரை அஞ்சு பிள்ளையளையும் கரை சேர்த்து விடு தாயே, ஒவ்வொண்டும் தன்ரை காலிலை நிக்கேக்குள்ளை உனக்கு ஒரு பாற்செம்பு எடுப்பன்." கடலுக்கு அந்தப் பக்கம்தானே அவளுடைய கோயில். அப்பா அந்தக் கணக்கில் இல்லை. அவரை முதலே மாத்தளனில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அஞ்சு பேரும் கரை சேர்ந்தோம். மீளக் குடியேறிய பிறகு அண்ணாக்கள் இரண்டு பேருக்கும் அக்காக்கள் இரண்டு பேருக்குமாக நாலு செம்பு எடுத்துவிட்டா. கடைக்குட்டி எனக்கு வேலை கிடைத்தது 2019 இல். அடுத்த வைகாசிக்குக் கொரோனா. அதற்கடுத்ததும் அப்படியே போனது. பிறகு சீனி வருத்தத்தில் அவவின் கால் புண் ஆறவேயில்லை. போன ஆவணியில் அம்மா போய்விட்டா. கடைசிக் கிழமையிலும் "உன்ரை செம்பு கிடக்குது பிள்ளை" என்றுதான் சொன்னா.

அந்தச் செம்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு வராது. அது அம்மம்மாவின் பித்தளைச் செம்பு. அம்மா ஒட்டுசுட்டானில் பிறந்து வளர்ந்தவ. அவவின் தகப்பன் கூத்துக்காரர், அவர் பாடக் கேட்டே பாட்டுப் பழகினவ. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் பூசை முடிய அம்மாதான் பஞ்சபுராணம் ஓதுவா. மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாகப் பனிக்குள் ஊர் சுற்றுகிற பிள்ளைகளுக்கு முன்னால் அவதான் நடப்பா. சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பண்ணிசை பழக்கினா, ஒரு சதம் வாங்கினதில்லை. செத்த வீடென்றால் கூப்பிட ஆள் வரவேண்டியதில்லை. சுண்ணம் இடிக்கிற நேரத்துக்கு அங்கே நிற்பா. திருப்பொற்சுண்ணத்தை அவ எடுத்தால்தான் ஊருக்கு அழுகை வரும். அவவின் செத்த வீட்டில் அவ பழக்கின பெட்டைகளே பாடினார்கள்.

வீட்டில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. 2009 தையில் வெளிக்கிடும்போது அதை மாட்டுக்கொட்டிலுக்குள் தாட்டுவிட்டு, இந்தச் செம்பை மட்டும் தண்ணீர் குடிக்கவென்று எடுத்தா. திரும்பி வந்து தோண்டினால் கறையான் மண்தான் கிடைத்தது. செம்புதான் புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று எங்களோடு அலைந்தது. விளிம்பில் ஒரு நெளிவு இருக்கிறது. எங்கே விழுந்ததென்று அம்மாவுக்கே நினைவில்லை. செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த ரெண்டாம் நாள் பின்னேரம், தண்ணீருக்கு வரிசையில் நின்று வெறும் செம்போடு திரும்பி வந்தவ, கூடாரத்துக்குள் இருந்து அதன் அடியை மூன்று விரலில் ஏந்தி மோதிரவிரலால் விளிம்பில் தட்டினா. ணங் என்று ஒரு நாதம். அதிலே சுருதி பிடித்துத் தேவாரம் எடுத்தா. பக்கத்துக் கூடாரங்களில் சத்தம் மெல்ல மெல்ல அடங்கினது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அதற்குப் பிறகு ஆர்மோனியம் வாங்கித் தருகிறோம் என்று அண்ணா எத்தனை தரம் கேட்டும் அவ ஓமென்றதே இல்லை.

நான் இப்போது இருப்பது வவுனியாவில். ஞாயிறு இரவு சின்னம்மாவோடு பஸ் ஏறினேன். மாங்குளம் வரைக்கும் ஒற்றைக்காலில் நின்றோம். முள்ளியவளையில் இறங்கிக் காட்டு விநாயகரைக் கும்பிட்டு, விடியப் பாலை நிரப்பி, வாழையிலையால் வாயைக் கட்டி, வேப்பிலை சொருகி, அரோகரா சொல்லித் தலையில் வைத்தார்கள். தாரில் கால் வைக்க முடியாத வெயில். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றின பிள்ளைகளையும், காலுக்குத் தண்ணீர் அடித்த கடைக்காரரையும் அம்மாளாச்சி ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வேணும்.

ஆனால் கோயிலை நெருங்க நெருங்க மனம் நொந்துபோனது. அர்ச்சனைச் சாமானுக்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வெளியில் விற்கிற விலையைப்போல மூன்று மடங்கு. வேறு வழியால் உள்ளே விடுகிறேன் என்று ஒருவர் சின்னம்மாவிடம் காசு கேட்டார். கச்சான் கடை, ஐஸ்கிறீம் வான் என்று ஆளுக்கொரு ஒலிபெருக்கி. அதற்குள் பறையும் உடுக்கும் எங்கே கேட்கும்? செடில் குத்தித் தூக்குக்காவடியில் வருகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்து, பத்தாவது இடமாக இங்கேதான் ஆறி அமர்ந்தாள் என்றும், பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனதென்றும் அம்மா சொல்லுவா. ஆறி இருக்கிறவளுக்கு முன்னால் இவ்வளவு இரைச்சல் வேண்டாம்.

வரிசையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். கழுத்து மரத்துப்போனது. ஒரு இடத்தில் தலை சுற்றி, செம்பு சரியப் பார்த்தது. பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் செம்பை ஒரு கையால் பிடித்தபடி மற்றக் கையை என் செம்புக்குக் கொடுத்தா. "விடாதேங்கோ பிள்ளை, வாசல் வந்திட்டுது."

வாசல் வந்தது. கற்பூரப் புகைக்குள்ளால் அவளைக் கண்டேன். கேட்க என்று எத்தனையோ வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. 'அம்மா தந்துவிட்டவ' என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். செம்பை வாங்கிக்கொண்டு போனார்கள். பால் அவளுக்குப் போனது. ஒரு தொண்டர் தம்பி வெறும் செம்பைத் திருப்பி நீட்டினார். சனம் தள்ளினதில் அது இரும்புக் கம்பியில் இடிபட்டது.

ணங்.

எனக்குக் கால் ஓடவில்லை. பால் நிறைந்திருந்தபோது வழியெல்லாம் வாய் திறவாமல் வந்த செம்பு, அந்த இரைச்சலுக்குள்ளே அம்மாவின் சுருதியைத் தந்தது. பாட்டு எனக்கு ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. பழக்கி அலுத்துப்போய் அம்மாவே விட்ட ஆள் நான். ஆனால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அவ மடியில் வைத்துச் சொல்லித் தந்த தேவாரத்தை முழுதாகப் பாடினேன். தொண்டர்கள் "நகருங்கோ, நகருங்கோ" என்றார்கள். நகர்ந்து நகர்ந்து பாடினேன். கண்ணீர் வாய்க்குள் உப்பாக இறங்கினது. அஞ்சையும் எடுத்துவிட்டோம் தாயே, அஞ்சு உயிரையும் தந்தாய், இனி அவவை உன் பக்கத்தில் வைத்துப் பாட விடு.

வெளியே வந்து நந்திக்கடல் பக்கமாக ஒரு மர நிழலில் இருந்தோம். பொங்கல் புக்கையை வாழையிலையில் ஆரோ கொண்டுவந்து தந்தார்கள். சின்னம்மா சாப்பிடவில்லை. செம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. அடியை மூன்று விரலில் ஏந்தி ஒருக்காத் தட்டினா. காதோடு வைத்துக் கேட்டா. பிறகு திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தா.