வட்டக்கோட்டை போனால் குளச்சலுக்கும் போங்கள்

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைக்குப் போய்வர 300 ரூபாய் என்று பேசி ஏறினேன். திரும்பி வந்து இறங்கியதும் 500 கேட்டார். காத்திருந்ததற்குத் தனிக் கணக்காம்! சண்டை போட்டு 400க்கு இறங்கி வந்தார். ஏறும்போதே "வெயிட்டிங் சேர்த்துத்தானே?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டுவிடுங்கள். எனக்கு அந்த நூறு ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு.

ஆனால் கோட்டை! கடலை ஒட்டிக் கருங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். பீரங்கியை இழுத்து ஏற்ற அகலமான சாய்தளம் இருக்கிறது. அதில் ஏறி மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கல்லில் பாண்டியரின் மீன் சின்னமும் உண்டு. காற்று ஆளையே தள்ளுகிறது. விவேகானந்தர் பாறைக்கான வரிசையில் நிற்கும் நேரத்தில் இங்கே வந்துவிடலாம் என்பேன்.

இதை இன்றைய வடிவில் கட்டியவர் டிலனாய். திருவிதாங்கூரோடு போரிட வந்து பிடிபட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்! அந்தப் போர் நடந்த இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வரவில்லை. நாகர்கோவில் போய் குளச்சல் பஸ் பிடித்தேன்.

மிளகு வியாபாரத்துக்காக மூண்ட சண்டை அது. 1741 ஆகஸ்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைக் குளச்சலில் வளைத்துச் சரணடைய வைத்தது. கடற்கரைப் பக்கம் வெற்றித்தூண் நிற்கிறது. அதற்கு வழிகாட்டும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன்தான் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். இவ்வளவு பெரிய வெற்றிக்கு இவ்வளவுதான் மரியாதையா?

மதியம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை ஒன்றில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் சாப்பிட்டேன். தேங்காய் அரைத்துப் புளி தூக்கலாக வைத்த குழம்பு, கிழங்கில் ஊறி அப்படியே கரைந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஆட்டோவில் போன காசு இங்கே வந்துவிட்டது போல் இருந்தது.

அப்புறம் தக்கலை அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. பிடிபட்ட டிலனாயை மன்னர் நம்பித் தன் படையைப் பழக்கச் சொன்னார். பீரங்கி வார்க்கும் உலை இந்தக் கோட்டைக்குள் இருந்தது. ஏறத்தாழ 37 ஆண்டுகள் திருவிதாங்கூருக்கு உழைத்து, 1777இல் இறந்த அவருடைய கல்லறையும் இங்கேதான், கூரை இல்லாத தேவாலயத்துக்குள். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். சரித்திரப் பாடத்தில் இரண்டு வரியில் தாண்டிப்போன மனிதர் இவர்.

பத்மநாபபுரம் அரண்மனை அங்கிருந்து கூப்பிடு தூரம். திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்கு மட்டும் கிளம்பாதீர்கள்.