வட்டமும் ஆப்பும் வடசென்னையும்

ஒரு நகரில் கடைகளும் ஆலைகளும் வீடுகளும் எங்கெங்கே அமைகின்றன என்பதை விளக்கும் நகர அமைப்பு மாதிரிகள் என்ற பாடம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் பெரும்பாலும் மூன்று பெயர்களாகவும் மூன்று ஆண்டுகளாகவும் சுருங்கிவிடுகிறது: பர்கெஸ் 1925, ஹோய்ட் 1939, ஹாரிஸ் - உல்மன் 1945. தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு இந்தச் சுருக்கத்தில் உடன்பாடில்லை. பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை செல்லும் வழியிலேயே மூன்று மாதிரிகளையும் உரசிப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கும்போது, மூன்றுமே போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்றுதான் வடசென்னையின் நில அமைப்பை அதிகம் தீர்மானித்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலம் முதல் இன்றுவரை ஆட்சியாளர்கள் பிறப்பித்துவந்த உத்தரவுகளைத்தான் சொல்கிறேன்.

சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்கெஸ் தம் வளைய மாதிரியை வரைந்தபோது அவர் கண்முன் இருந்தது சிகாகோ. 1890இல் ஏறத்தாழ 11 லட்சம் பேர் வாழ்ந்த அந்நகரில் 1920இல் 27 லட்சம் பேர் வாழ்ந்தனர். புதிதாக வந்து இறங்கியவர்கள் மைய வணிகப் பகுதியை ஒட்டிய சிதிலமான வாடகை வீடுகளில் தங்கினர். கையில் காசு சேர்ந்ததும் அடுத்த வளையத்துக்கு நகர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற அறைக்கு அடுத்த கப்பலில் வந்தவர்கள் குடியேறினர். மையம், மாறுநிலை மண்டலம், தொழிலாளர் குடியிருப்பு, வசதியானவர் குடியிருப்பு, புறநகர் என ஐந்து வளையங்கள் இந்த ஓயாத நகர்வின் பதிவுகளே. கடற்கரை நகரமான சென்னைக்கு வட்டம் எப்படிப் பொருந்தும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிகாகோவும் மிச்சிகன் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பர்கெஸ் அந்நகருக்கென வரைந்த படத்திலேயே கரைக்கோடு வளையங்களை ஊடறுத்துச் செல்கிறது. ஆகவே கடல் ஒரு தடையன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பாரிமுனையை மையமாகக் கொண்டால், ஜார்ஜ் டவுன் மாறுநிலை மண்டலமாக, அதாவது வாடகைக்கு விடப்பட்டுப் பழுதடைந்துகொண்டிருக்கும் பகுதியாக இருக்க வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளர்கள் கடை வாசலிலேயே படுத்துறங்கும் சந்துகளைப் பார்த்தால் பர்கெஸ் சொன்னது சரியென்றே தோன்றும். ஆனால் அதே ஜார்ஜ் டவுனில் சௌகார்பேட்டையும் இருக்கிறது. குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்து தலைமுறைகளாக வணிகம் செய்யும் குடும்பங்கள் அங்கே கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்கின்றன. செல்வம் சேர்ந்த பிறகும் பலர் அங்கிருந்து நகரவில்லை. வீடு வேறு, வேலையிடம் வேறு என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு வரையப்பட்ட மாதிரிக்கு, இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் தெருவை எந்த வளையத்தில் வைப்பதென்று தெரிவதில்லை.

இன்னொரு முரண்பாடு இதைவிட முக்கியமானது. புனித ஜார்ஜ் கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே, நிலத்தின் மதிப்பு உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய இடம், நெடுங்காலம் வெறும் திடலாகக் கிடந்தது. இந்தியர்கள் வாழ்ந்த, முதலில் இருந்த கருப்பர் நகரம் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததையும் 1758-59இல் மீண்டும் முற்றுகையிட்டதையும் அடுத்து, எதிரி ஒளிந்துகொள்ள வீடுகள் இருக்கக் கூடாது என்பதற்காக அந்நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. எல்லைத் தூண்கள் நடப்பட்டு, அவற்றுக்கும் கோட்டைக்கும் இடையே யாரும் கட்டக் கூடாது என்று விதிக்கப்பட்டது. பாரிமுனையில் ஒரு தூண் இன்றும் நிற்கிறது. 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது அப்படி வெறுமையாக்கப்பட்ட நிலப்பரப்பில்தான். மக்கள் இன்றைய ஜார்ஜ் டவுனின் பகுதிகளான முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்ததில் நில வாடகைக்கு என்ன பங்கு இருந்திருக்க முடியும்? பீரங்கியின் பார்வைத் தூரம் அல்லவா அதை முடிவு செய்தது. மீரா கோசாம்பியும் ஜான் பிரஷ்ஷும் 1988இல் சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றையும் வைத்து உருவாக்கிய குடியேற்றக்காலத் துறைமுக நகர மாதிரியில் இந்தத் திடலுக்குத் தனியிடம் உண்டு. நம் தேர்வுகள் அந்த மாதிரியைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கும் முன்பே, 1652இலும் 1707இலும் இடங்கை, வலங்கை என இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதிகளுக்கிடையே மோதல்கள் மூண்டபோது, எந்தத் தெரு எவருக்கு என்று கம்பெனி நிர்வாகம் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தை பிரிக்கும் முன்பே சாதி பிரித்துவிட்ட நகரம் இது.

ஹோமர் ஹோய்ட்டின் ஆப்பு வடிவ மாதிரி வடசென்னைக்கு மற்ற இரண்டையும்விட நெருக்கமானது. 142 அமெரிக்க நகரங்களின் வீட்டு வாடகைத் தகவல்களை வைத்து அவர் கண்டது இதுதான்: நகரம் வளையமாக வளர்வதில்லை, ஒரு திசையில் தொடங்கிய நிலப் பயன்பாடு அதே திசையில், போக்குவரத்துத் தடத்தைப் பற்றிக்கொண்டு, மையத்திலிருந்து வெளிநோக்கி நீள்கிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு முதல் ரயில் புறப்பட்டது; பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது; 1870களின் இறுதியில் பக்கிங்ஹாம் துணி ஆலையும் சில ஆண்டுகளில் கர்நாடிக் துணி ஆலையும் வந்தன; 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வந்தது. துறைமுகம், விறகும் உப்பும் ஏற்றிவந்த படகுகளின் கால்வாய், சரக்கு ரயில் முனையங்கள் எல்லாம் இந்தத் திசையிலேயே அமைந்ததால், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று தொழிலாளர் குடியிருப்புகளும் அவற்றைத் தொடர்ந்தன. மவுண்ட் ரோட்டை ஒட்டித் தொடங்கிய தோட்ட வீடுகளின் வசதி நுங்கம்பாக்கம், அடையாறு என்று எதிர்த்திசையில் நீண்டது. இந்தியாவின் முதல் முறைப்படுத்தப்பட்ட தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து எழுந்ததற்கு, வேலையும் வீடும் இப்படி ஒரே ஆப்புக்குள் நெருங்கியிருந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆனால் ஹோய்ட்டின் படத்தில் ஆப்பு ஒரே வண்ணத்தில் தொடர்ச்சியாக இருக்கும். ரயில் பாதை அதைக் கட்டிக்காக்கும் முதுகெலும்பு. கொருக்குப்பேட்டையில் கேட் போட்ட பிறகு சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிக்காகக் காத்து நின்றவர்களுக்கும், மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் சுற்றிப் போனவர்களுக்கும், அதே பாதை ஊரை இரண்டாக வெட்டுகிறது என்பது தெரியும். சரக்கை வெளியே கொண்டுசெல்லும் தடம், அருகில் வாழ்பவரை அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல விடாமல் நிறுத்துகிறது. மேலும், குடியேறியோரின் இனங்களை நில மதிப்புக்கு நன்மையானவை முதல் தீமையானவை வரை 1933இல் வரிசைப்படுத்தியவர் இதே ஹோய்ட் என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுவேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த மாணவர்களுக்கு அந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை.

புவியியலாளர்கள் ஹாரிஸும் உல்மனும் நகருக்குப் பல மையங்கள் உண்டென்றனர். அதற்கு நான்கு காரணங்கள் சொன்னார்கள்: சில தொழில்களுக்குத் தனி வசதி வேண்டும், ஒத்த தொழில்கள் ஒன்றுகூடும், ஒவ்வாதவை விலகும், சிலவற்றுக்கு மைய நிலத்தின் வாடகை கட்டாது. கோடவுன் தெருவில் துணியும் ஆண்டர்சன் தெருவில் காகிதமும் குவிந்திருப்பது இரண்டாவது காரணத்துக்கு நல்ல சான்று. நான்காவதற்கு ஜார்ஜ் டவுனின் பழைய காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடியைக் காட்டுவார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. காய்கறி மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனதும், இரும்பு வணிகத்துக்குச் சாத்தங்காட்டில் இடம் ஒதுக்கப்பட்டதும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்டங்களால் நிகழ்ந்தவை. வாடகை கட்டாமல் வணிகர்கள் தாமாகக் கிளம்பிவிடவில்லை.

ஒவ்வாதவை விலகும் என்ற மூன்றாவது காரணம்தான் எண்ணூரில் தடுமாறுகிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், எண்ணூரில் அனல் மின் நிலையமும், 2001இல் இரண்டாவது துறைமுகமும் வந்தபோது, கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த ஊர்கள் ஏற்கனவே அங்கே இருந்தன. விலகிப் போக வேண்டுமானால் போக இன்னோர் இடம் வேண்டும். அதை வாங்கப் பணமும் வேண்டும். தென்சென்னையிலிருந்து பார்க்கும்போது மட்டுமே ஆலைகள் விலகி இருக்கின்றன.

எந்த மாதிரியிலும் இடம்பெறாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நிலம் அசையாது என்று மாதிரிகளை வரைந்த எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டனர். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பின், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. மணல் வந்து சேராத வடக்கில், காசிமேடு முதல் எர்ணாவூர் வரை, கடல் கரையை அரித்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, பாறாங்கல் கொட்டப்பட்டது. ஒரே கட்டுமானம் ஒரு பக்கத்துக்கு உலாவுமிடத்தையும் மறுபக்கத்துக்குப் பாறாங்கல் தடுப்பையும் கொடுத்தது.

2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, வில்லியம் அலோன்சோ 1964இல் முன்வைத்த வாடகைப் போட்டிக் கோட்பாட்டை வடசென்னையில் சோதிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. மையத்தை விரைவில் சென்றடைய முடிந்தால் தொலைவிலுள்ள நிலத்துக்கும் விலை ஏற வேண்டும். பெரம்பூரில் பழைய ஆலை நிலத்தில் அடுக்ககங்கள் எழுந்ததைப்போலத் திருவொற்றியூரிலும் எழலாம். அப்போது இன்றைய வாடகைதாரர்கள் எங்கே போவார்கள் என்பதை அறிய, நிலைய வாசல்களிலிருந்து தெருத்தெருவாக வாடகையை இப்போதே குறித்துவைக்கச் சொல்லி மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். காலடிப்பேட்டை நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து தொடங்குகிறார்கள்.