கால்சட்டைப் பைக்கு ஒரு ரிவால்வர்

ஹூஸ்டனில் ஆண்டின் பெரும்பகுதி, சட்டைக்கு மேல் இன்னோர் ஆடை அணிய வெயில் இடம் தருவதில்லை. இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்பவர்கள் தளர்வான சட்டையை வெளியே விட்டு அதை மறைக்கிறார்கள். ஆனால் பெட்ரோல் நிலையக் கடை நடத்தும் என் போன்றவர்கள் நாள் முழுவதும் குனிந்து பெட்டி தூக்கவும், அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டவும் வேண்டியிருப்பதால், அந்தச் சட்டை எப்போது மேலேறும் என்று சொல்ல முடியாது. இரவில் கடையைப் பூட்டிவிட்டு வசூல் பணத்துடன் காருக்கு நடக்கும் வழிக்கு ஓர் ஆயுதம் வேண்டும் என்று முடிவு செய்தபோது, அது கால்சட்டையின் முன்பையில் அடங்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனையாயிற்று.

சட்டத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குச் சில விதிவிலக்குகள் தவிர அனுமதி இல்லை. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே அதை எடுத்துச் செல்ல முடியும். ஆயினும் நான் உரிமம் பெற்றேன். அதற்கான வகுப்பில் எங்கே எடுத்துச் செல்லக் கூடாது என்பதைத் தெளிவாகக் கற்பிக்கிறார்கள். மேலும் 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டாக்கள் சுட்டு, 250க்கு 175 புள்ளிகளாவது எடுத்தாக வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோவதில்லை என்பது நானே வகுத்துக்கொண்ட விதி. வேட்டிக்குப் பை இல்லை என்பது வேறு விஷயம்.

ரூகர் எல்சிபி போன்ற சிறு பிஸ்டல்கள் ரிவால்வரை விட மெலிந்தவை, கூடுதல் தோட்டா கொள்பவை. அவற்றை விட்டு ரிவால்வரின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசைதான். ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோ அளவிலான இழுப்பை முழுத் தூரமும் இழுத்தால்தான் சுடும் பொருள், தொடையோடு ஒட்டிக் கிடப்பதற்கு எனக்கு ஏற்றதாகத் தோன்றியது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தாலே, தோட்டாக்களைத் தாங்கும் சிலிண்டர் என்ற உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். உருண்டையான கைப்பிடி பையின் விளிம்பில் இடறாமல் வெளியே வரும் என்பதும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே விளங்கியது.

தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலான ஹேமர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரிகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினேன், ஏனெனில் அந்தக் கொக்கி பையின் துணியில் மாட்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வரைக் கொண்டுவந்து, 1952இலேயே ஹேமர் முழுவதும் உள்ளே மறைந்த சென்டெனியல் வகையையும் வெளியிட்டது. இன்று பைக்கென்று விற்பனையாகும் ரிவால்வர்களில் பல அதன் வழித்தோன்றல்களே.

எடை விஷயத்தில்தான் நிதானம் தேவைப்பட்டது. கடையில் கையில் ஏந்திப் பார்க்கும்போது எல்லோருக்கும் மிக இலேசானதே பிடிக்கும். ஸ்காண்டியம் கலந்த உலோக உடற்சட்டமும் டைட்டானியச் சிலிண்டரும் கொண்ட, அதே நிறுவனத்தின் 340பிடி ஏறத்தாழ 330 கிராம்தான்; .357 மேக்னம் என்ற வலுமிக்க தோட்டாவையும் சுடும். முழுக்க எஃகாலான 640 மாதிரி 600 கிராமுக்கு மேல் வரும். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் இவற்றைச் சுட்டுப் பார்த்தேன். இலேசானதில் மேக்னம் தோட்டா ஒன்று சுட்டதும் உள்ளங்கை எரிந்தது. இரண்டாவதில் விசையை இழுப்பதற்கு முன்பே விரல் தயங்கியது. பின்னுதைப்பின் வேகத்தில், சுடப்படாமல் எஞ்சியிருக்கும் தோட்டாக்களின் ஈயமுனை உறையிலிருந்து முன்னே நழுவிச் சிலிண்டரின் சுழற்சியைத் தடுக்கும் அபாயமும் மிக இலேசான ரிவால்வர்களில் உண்டு. எஃகு ரிவால்வரோ சுடுவதற்குச் சுகமாக இருந்தது, ஆனால் மெல்லிய பருத்திக் கால்சட்டையில் போட்டு நடந்தால் ஒரு பக்கம் இழுத்துத் தொங்கியது. சுமப்பதற்கு இதமானது சுடுவதற்குக் கடுமை, சுடுவதற்கு இதமானது சுமப்பதற்குப் பாரம் என்ற இந்த இழுபறியில் நடுவே நிற்பவை அலுமினிய உடற்சட்டம் கொண்ட, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 642உம், 2009இல் வந்த ரூகர் எல்சிஆரும்தான். முன்னது ஏறத்தாழ 410 கிராம், பின்னது 380ஐ ஒட்டியது, இரண்டும் மேக்னத்தை விட வலுக் குறைந்த .38 ஸ்பெஷல், ஐந்து தோட்டா.

விசையின் வழுவழுப்பில் எல்சிஆர் முந்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இழுக்க இழுக்கக் கனம் கூடாமல் ஒரே சீராக வருகிறது. ஆனால் நான் சுட்டதில் பொருத்தியிருந்த ரப்பர் கைப்பிடி என் பையின் துணியைப் பற்றிக்கொண்டது. கைப்பிடியை மாற்றலாம்தான், இருந்தாலும் 642இன் கட்டமைப்பு என் பையில் இயல்பாக அமர்ந்தது. அதன் கறுப்பு நிற உடன்பிறப்பான 442 பார்க்க அழகு, ஆனால் அதில் சிலிண்டர் சாதாரண எஃகு. ஹூஸ்டன் வியர்வையில் தொடையோடு ஊறப்போகும் பொருளுக்குத் துருப்பிடிக்காத எஃகே மேல் என்று, சாவியால் பூட்டும் உட்பூட்டு இல்லாத 642ஐ வாங்கினேன்.

தோட்டாவில் அகலமாக விரியும் குழிமுனை வகையையே பலரும் பரிந்துரைத்தார்கள். ஆனால் இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த குழலில் வேகம் குறைவதால் அவை விரியாமலே போவதுண்டு. 148 கிரெய்ன் எடையுள்ள வாட்கட்டர் என்ற தோட்டா வகை தட்டையான முகமுடையது. விரிவதை நம்பி இருப்பதில்லை, பின்னுதைப்பும் மென்மை. அதைத்தான் சிலிண்டரில் இடுகிறேன். அந்தத் தட்டை முனை அவசரத்தில் சிலிண்டரின் துளைக்குள் எளிதாக நுழையாது என்பதால், இன்னொரு பையில் இருக்கும் ரப்பர் பட்டையில் கூம்பிய முனைத் தோட்டாக்கள் ஐந்து இருக்கின்றன.

விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்கூட்டை முழுவதும் மூடும் உறை இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் பையில் போடக் கூடாது. உறையின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால், துப்பாக்கியை உருவும்போது அது பையிலேயே தங்கும். அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதற்கும் இடமில்லை. காரில் உட்கார்ந்த நிலையில் முன்பையிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். போலித் தோட்டாக்களை இட்டு வீட்டில் விசைப் பயிற்சி செய்கிறேன்; உண்மைத் தோட்டாக்கள் அப்போது அடுத்த அறையில் இருக்கும். பஞ்சுத் துகள் சிலிண்டரின் இடுக்கில் சேர்ந்துவிடுவதால் வாரந்தோறும் பழைய பல்தூரிகையால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றுகிறேன். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியைப் பாதுகாப்பின்றி விடுவது டெக்சஸில் குற்றம். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு அதை உறையுடனேயே எண்பூட்டுப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறேன்.