இலைக்கோழியின் கால்விரல்

2025-இல் படம் வரைய ஐந்து நோட்டுகள் வாங்கினேன், நான்கு நிரம்பிவிட்டன. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு பறவையின் கால், வேறு எதுவுமில்லை. இந்த வருஷம் நான் செய்த வேலை, சுற்றிய இடம், கற்றுக்கொண்டது என்று எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அந்தக் காலில் வந்துதான் நிற்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜனவரியில் முதல் முறையாகப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போனேன். 2015 முதல் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் ஏதாவது ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மடிப்பாக்கத்தில் இருக்கும் எனக்குப் பள்ளிக்கரணை பக்கம். சதுப்பு நிலத்தை இரண்டாக வகுந்துகொண்டு போகிறதே ரேடியல் சாலை, அதன் ஓரத்தில் காலை ஆறரைக்கு லாரிகளுக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஸ்கோப், அதாவது பறவை பார்க்கும் தொலைநோக்கி, வைத்திருந்தார், எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். "நீங்க படம் வரையறவங்கதானே, இதோட காலைப் பாருங்கம்மா" என்று என்னை முன்னால் விட்டார்.

நீளவால் இலைக்கோழி. ஜனவரியில் அதற்கு நீள வால் இருக்காது, முட்டையிடும் பருவத்தில்தான் வளரும். ஆனால் கால் இருந்தது. ஓர் அல்லி இலையிலிருந்து அடுத்த இலைக்கு அது காலைத் தூக்கும்போது விரல்கள் நான்கும் குடைக்கம்பி மாதிரி மடங்கின, வைக்கும்போது ஒவ்வொன்றாக விரிந்தன. உடம்புக்குக் கொஞ்சமும் ஒட்டாத நீளம். பின்விரலின் நகமே ஒரு விரல் அளவுக்கு இருந்தது. எடை முழுவதும் அப்படிப் பரவிவிடுவதால் இலை லேசாக அழுந்தி, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஏறி, மறுபடி வடிந்தது. பறவை மூழ்கவில்லை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் போன டிசம்பரில்தான் ஒரு குழந்தைகள் புத்தகத்துக்கு இதே பறவையை வரைந்து கொடுத்திருந்தேன். இருபத்துநான்கு பக்கம், சதுப்பு நிலத்தைப் பற்றிய கதை. இணையத்தில் கிடைத்த புகைப்படங்களைப் பார்த்து வரைந்தது. எல்லாவற்றிலும் கால் தண்ணீருக்குள்ளோ இலைக்கு அடியிலோ மறைந்திருந்தது, நான் கோழிக் கால் போட்டுவிட்டேன். சாரிடம் சொன்னதும் "முட்டைமேல யாரு உட்கார்ந்திருக்கா உங்க படத்துல?" என்று கேட்டார். அம்மா என்றேன். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு வேறு ஆணிடம் போய்விடும், அடை காப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் அப்பாதான் என்றார்.

அன்று மாலையே பதிப்பகத்தில் பேசினேன். எழுத்தாளரும் அவர்களும் யோசித்துவிட்டு, கதையில் அம்மா இலைக்கோழியை அப்பாவாக்கிவிடலாம் என்றார்கள், அதில் கதை இன்னும் அழகாகிவிட்டது என்பது என் எண்ணம். பதினொரு பக்கங்களை மறுபடி வரைந்தேன். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. முதல் தடவை அப்படியே அச்சாகியிருந்தால் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அந்தக் காலையே இலைக்கோழியின் கால் என்று நம்பியிருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: உயிருள்ள எதை வரைவதாக இருந்தாலும், ஒரு முறையாவது அதன் எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஐபேடைத் திறப்பது. எல்லாவற்றுக்கும் இது முடியாதுதான், முடிந்த வரை செய்தேன்.

அதே ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பல நாள் தூக்கம் சரியில்லை. உயிரோடு ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில், இரவில் கடற்கரையில் ஆமைகளையும் முட்டைகளையும் தேடி நடக்கும் ஆமை நடைக்குப் போனேன். நள்ளிரவுக்கு மேல் நீலாங்கரையில் கிளம்பி, மணலில் நடந்து, விடியும்போது பெசன்ட் நகர். ஆமை கண்ணில் படவில்லை, அதன் தடம் பட்டது; டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி கடலிலிருந்து மேலே வந்து திரும்பிப் போயிருந்தது. தன்னார்வலரான ஒரு கல்லூரிப் பையன் முழங்கை வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தான், பிங்பாங் பந்து அளவு, நூற்றுக்கும் மேல். பாதுகாப்பாகக் குஞ்சு பொரிக்க வேலி போட்ட இடத்துக்குக் கொண்டுபோவதற்காக.

வெளிச்சம் ஆமைகளைக் குழப்பும் என்பதால் டார்ச் அடிக்கக் கூடாது. இருட்டில் வரையவும் முடியாது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைந்தபோது பென்சிலில் அந்த இரவு வரவே இல்லை, அப்போதுதான் லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவி எடுக்கும் லினோ அச்சு ஞாபகம் வந்தது. லினோவில் செதுக்காமல் விட்ட இடமெல்லாம் கறுப்பு, செதுக்கிய இடம் மட்டும் வெள்ளை. அதாவது இருட்டில் தொடங்கி வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்கிறோம். தடமும் பையனின் கையும் ஒரு வரி அலையும் போதுமாக இருந்தன.

மே மாதம் முழுக்க இதுதான் என் பொழுதுபோக்கு. லினோ தகடு சூடானால் இளகும், மொட்டை மாடி வெயிலில் ஐந்து நிமிடம் வைத்தால் உளி கொய்யாப்பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கும், அக்னி நட்சத்திரத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே வருஷம் இது. அச்சு இயந்திரமெல்லாம் கிடையாது. மை தடவி, காகிதத்தை வைத்து, அம்மாவின் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும், ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். "ஆமை" என்று எழுத்தைத் தலைகீழாக இல்லாமல் இடவலமாகத் திருப்பிச் செதுக்கும்போது ஐகாரக் கொம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். நாற்பது பிரதி எடுத்தேன், எல்லாம் நண்பர்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

மற்ற வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒன்பது புத்தக அட்டைகள், ஒரு நாட்காட்டி, ஒரு கடலைமிட்டாய்ப் பெட்டி. ஒரு நிறுவனம் மார்ச்சில் வாங்கிய படங்களுக்கு அக்டோபரில்தான் பணம் தந்தது, அதிலும் டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு. பிடித்தம் வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், ஏழு மாத மன உளைச்சல் வராது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பாதிப் பணம் கைக்கு வராமல் முதல் கோட்டைப் போடாதீர்கள்.

செப்டம்பரில் நீலகிரி. கரிக்கையூரிலிருந்து, பழைய பாறை ஓவியங்கள் இருக்கும் பொறிவரைக்கு வனத்துறை அனுமதியோடு மலையேறலாம், இருளர் ஒருவர்தான் வழிகாட்டியாகக் கூட வந்தார். கோத்தகிரியில் தங்கியிருந்தபோதே பனிமூட்டத்தில் வாட்டர்கலர் காயவில்லை, அதனால் பென்சிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாறை ஓவியங்களின் முன்னால் போய் நின்றதும் எல்லோரும் தானாகவே பேச்சைக் குறைத்துவிட்டோம். முதுகிலிருந்து வால் வரை கை எடுக்காமல் இழுத்த ஒரே கோட்டில் ஒரு மாடு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ அந்த மாட்டை நன்றாகப் பார்த்திருக்கிறார், பார்க்காமல் அந்தத் திமில் அப்படி வராது. காவிக்கல்லின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு, என் வண்ணப்பெட்டியில் இண்டியன் ரெட் என்ற பெயரில் இருப்பதும் அதேதான், வெயில் பட்டால் வெளுக்காது. அந்தப் பாறையிலேயே சிலர் தங்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அண்ணன் அதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார். "எங்க தாத்தா காலத்துல இது இல்லைங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபரில் தினம் ஒரு மைச் சித்திரம் என்று ஆரம்பித்து இருபத்திரண்டு வந்தது. பென்சில் இல்லாமல் நேராக நிப்பில். அழுத்தினால் தடிக்கிறது, விட்டால் மெலிகிறது. மார்கழி பிறந்ததும் அம்மா வாசலில் சிக்குக்கோலம் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் மாவை விடும் வேகத்தில் அம்மாவும் அதையே செய்வது தெரிந்தது. இத்தனை வருஷமாக அதைத் தாண்டித்தான் வெளியே போய் வந்திருக்கிறேன். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் நான் போடுகிறேன், வளைவு இன்னும் பிசிறுகிறது.

புத்தகம் நவம்பர் கடைசியில் கைக்கு வந்தது. சார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், ஆள்காட்டிவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "முன்னால மூணு, பின்னால ஒண்ணு. சரியா இருக்கும்மா" என்றார். அப்புறம் பேத்தியைக் கூப்பிட்டார்.

அடுத்த பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த முறை பெரும்பாக்கம் பக்கம் போவதாகத் திட்டம், ஐந்தாவது நோட்டில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.